மலிவு .22 ரிவால்வரா, விலை உயர்ந்ததா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்கள் ஒருமுறை நண்பரோடு ரேஞ்சுக்கு, அதாவது துப்பாக்கி சுட்டுப் பழகும் இடத்துக்குப் போய் .22 ரிவால்வரைச் சுட்டுப் பார்த்துவிட்டு வந்தால், அடுத்த வாரமே கேட்பது இதைத்தான்: கடையில் 150 டாலருக்கும் ஒன்று இருக்கிறது, 1,000 டாலருக்கும் ஒன்று இருக்கிறது, இரண்டும் சுடுவது ஒரே தோட்டாவை, அப்புறம் எதற்கு இவ்வளவு வித்தியாசம்? இதையொட்டித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். காகித இலக்கு, தகர டப்பா, சின்ன இரும்புத் தட்டு, 7 கஜத்திலிருந்து 25 கஜம் வரை, பொழுதுபோக்காகச் சுடுவது பற்றி மட்டும்தான் பேச்சு. தற்காப்பு, வேட்டை இரண்டும் இதில் வராது.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எதை வாங்குவது?

மலிவாக வாங்குவதென்றால் சிங்கிள் ஆக்‌ஷன் வாங்குங்கள். டபுள் ஆக்‌ஷன்தான் வேண்டும் என்றால் காசு சேர்த்து நல்லதாகவே வாங்குங்கள். மலிவு விலை டபுள் ஆக்‌ஷன் பக்கம் மட்டும் போகாதீர்கள். மிச்சப் பதில்கள் எல்லாம் இதற்கான காரணங்கள்தான்.

சிங்கிள் ஆக்‌ஷன், டபுள் ஆக்‌ஷன் என்றால் என்ன?

சிங்கிள் ஆக்‌ஷனில் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் ஹாமரை (பின்பக்கம் இருக்கும் சின்னச் சுத்தியல்) பின்னுக்கு இழுக்க வேண்டும், சிலிண்டரும் (தோட்டாக்கள் இருக்கும் உருளை) அப்போதுதான் சுற்றும். விசையின் (ட்ரிகரின்) வேலை ஹாமரை விடுவிப்பது மட்டும். கௌபாய் படங்களில் பார்ப்பது இந்த வகை. டபுள் ஆக்‌ஷனில் விசையை நீளமாக இழுத்தாலே போதும், சிலிண்டர் சுற்றி, ஹாமர் பின்னால் போய், தானாக விழும். வேண்டுமென்றால் அதிலும் கட்டைவிரலால் ஹாமரை ஏற்றிக்கொண்டு லேசான விசையில் சுடலாம்.

இதிலிருந்தே தெரியும், சிங்கிள் ஆக்‌ஷனுக்குள் பாகங்கள் குறைவு, ஒன்றோடொன்று நுணுக்கமாகப் பொருந்த வேண்டிய இடங்களும் குறைவு. அதனால்தான் அதைக் குறைந்த செலவில் உருப்படியாகச் செய்ய முடிகிறது. டபுள் ஆக்‌ஷனில் ஒரே இழுப்பில் நாலு வேலை நடந்தாக வேண்டும், அந்த இழுப்பு வழவழவென்று வர வேண்டும் என்றால் யாராவது அதற்கு நேரமும் உழைப்பும் போட்டிருக்க வேண்டும்.

ரிம்ஃபயர் என்பதற்கும் விலைக்கும் என்ன சம்பந்தம்?

நிறையச் சம்பந்தம் இருக்கிறது. 9 மில்லிமீட்டர் மாதிரித் தோட்டாக்களில் தீப்பற்ற வைக்கும் பிரைமர் அடிப்பாகத்தின் நடுவில் தனியாக உட்கார்ந்திருக்கும். .22 எல்ஆர் (லாங் ரைஃபிள், வழக்கமான .22) தோட்டாவில் அப்படி இல்லை, அடியில் இருக்கும் விளிம்பின் உள்மடிப்பில்தான் பிரைமர் கலவை பரவியிருக்கிறது, ரிம்ஃபயர் என்பது இதைத்தான். ஃபயரிங் பின் (ஹாமர் விழும்போது தோட்டாவைக் குத்தும் ஊசி) அந்த விளிம்பை சிலிண்டரின் ஓரத்தோடு வைத்து நசுக்கினால்தான் வெடிக்கும். அதற்கு நல்ல பலமான அடி வேண்டும். பலமான அடிக்குப் பலமான ஸ்பிரிங், பலமான ஸ்பிரிங்குக்குக் கனமான விசை.

சிங்கிள் ஆக்‌ஷனில் அந்த ஸ்பிரிங்கைக் கட்டைவிரல் இழுத்துவிடுகிறது, விசைக்குப் பாரமே இல்லை. டபுள் ஆக்‌ஷனில் முழுப் பாரமும் விசை விரல்மேல் விழுகிறது. ஸ்மித் அண்ட் வெஸன் 617 மாதிரி விலை உயர்ந்த ஒன்றில் டபுள் ஆக்‌ஷன் இழுப்பு சுமார் 10 முதல் 12 பவுண்ட் இருந்தாலும் ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே சீராக வரும், பழகிவிட்டால் கனம் தெரியாது. மலிவு வகையில் கனமும் அதிகம், நடுவில் தடக் தடக்கென்று தட்டவும் செய்யும், அதோடு குறி தவறிவிடும். ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் விசை லேசாகும், ஆனால் பத்துத் தோட்டாவில் இரண்டு வெடிக்காமல் போகும்.

மலிவு வகையில் எவை பார்க்கத் தகுந்தவை?

இரண்டுதான். ஒன்று ஹெரிடேஜ் ரஃப் ரைடர். 1992-இல் தொடங்கிய நிறுவனம், 2012-இல் டாரஸ் வாங்கிவிட்டது, இப்போது ஜார்ஜியா மாநிலத்தில் தயாராகிறது. விலை 150 டாலரை ஒட்டி, தள்ளுபடிக் காலத்தில் அதற்கும் கீழே. இன்னொன்று ரூகர் ராங்லர். 2019-இல் 249 டாலர் பட்டியல் விலையோடு வந்தது, கடையில் பெரும்பாலும் 200 டாலரை ஒட்டிக் கிடைக்கும். இரண்டும் சிங்கிள் ஆக்‌ஷன், வழக்கமான மாடல்களில் ஆறு தோட்டா.

ராங்லரா, ரஃப் ரைடரா?

50 டாலர் பெரிய விஷயம் இல்லை என்றால் ராங்லர். இதில் எனக்குத் தயக்கமே கிடையாது.

ரஃப் ரைடரின் ஃப்ரேம் (எல்லாப் பாகத்தையும் தாங்கும் உடல்) துத்தநாகக் கலவையில் வார்த்தது. பேரலும் (குழல்) சிலிண்டரும் எஃகு, அதனால் .22-இன் அழுத்தத்துக்கு அது தாங்கும், உடைந்துவிடும் என்றெல்லாம் பயப்பட வேண்டாம். ஆனால் நாளாவட்டத்தில் திருகுகள் தளரும், ஆயிரக்கணக்கில் சுட்டபின் மெல்ல ஆட்டம் கொடுக்க ஆரம்பிக்கும். ராங்லரின் ஃப்ரேம் அலுமினியம், கைப்பிடி ஃப்ரேம் மட்டும்தான் துத்தநாகக் கலவை. மேலே செராகோட் பூச்சு, வியர்வைக் கையோடு பிடித்தாலும் துருப் பிடிக்காது.

பெரிய வித்தியாசம் பாதுகாப்பில் இருக்கிறது. ராங்லரில் ட்ரான்ஸ்ஃபர் பார் என்று ஒரு சின்ன எஃகுத் துண்டு உண்டு. விசையை முழுதாக இழுத்தால்தான் அது மேலே வந்து ஹாமரின் அடியை ஃபயரிங் பின்னுக்குக் கடத்தும், மற்ற நேரத்தில் ஹாமர்மேல் என்ன விழுந்தாலும் பின் அசையாது. சிலிண்டரின் ஆறு அறையிலும் தோட்டா போட்டு வைக்கலாம். ரஃப் ரைடரில் அதற்குப் பதிலாக இடது பக்கம் கட்டைவிரலால் தள்ளும் ஒரு லீவர். அதைக் கீழே தள்ளினால் சிவப்புப் புள்ளி தெரியும், சுடத் தயார் என்று பொருள். மேலே தள்ளியிருந்தால் ஹாமர் விழுந்தாலும் பின்னைத் தொடாது. வேலை செய்கிறதுதான், ஆனால் நாம் ஞாபகம் வைத்துத் தள்ள வேண்டும், மறப்பது மனித இயல்பு. ரஃப் ரைடர் வைத்திருப்பவர்கள் ஐந்து தோட்டா மட்டும் போட்டு, ஹாமருக்கு நேரே காலி அறையை வைப்பது நல்லது.

தோட்டா போடுவதிலும் ராங்லர் எளிது. பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்தாலே சிலிண்டர் தாராளமாகச் சுற்றும், ஹாமரைத் தொடவே வேண்டாம். ரஃப் ரைடரில் ஹாமரைப் பாதி இழுத்து ஒரு காடியில் நிறுத்திய பிறகுதான் சுற்றும். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு, தோட்டா போடும் நேரத்தில் ஹாமரோடு விளையாடும் வேலை இல்லாமல் இருப்பதே நல்லது.

ரஃப் ரைடருக்குச் சாதகமாக ஒன்று சொல்லியாக வேண்டும். பேரல் நீளத்திலும் கைப்பிடியிலும் எக்கச்சக்கமான தேர்வு இருக்கிறது, 6.5 அங்குலப் பேரல் வைத்தது சுடுவதற்கு உண்மையிலேயே நன்றாக இருக்கும், முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி கூடுவதால் குறி பார்ப்பது சுலபம்.

விலை உயர்ந்த பக்கத்தில் எவை?

முதலில் ஸ்மித் அண்ட் வெஸன் 617. இதன் வம்சம் பெரியது. 1930களின் தொடக்கத்தில் வந்த கே-22, அதன்பின் வந்த கே-22 மாஸ்டர்பீஸ், 1957-இல் அதற்கே மாடல் 17 என்று எண், அதன் துருப்பிடிக்காத எஃகு வாரிசுதான் 617. இப்போது வருவதில் பத்துத் தோட்டா, 4 அங்குலம் அல்லது 6 அங்குலப் பேரல். 6 அங்குலம் சுமார் 44 அவுன்ஸ், அதாவது ஒன்றேகால் கிலோ. விலை 800-இலிருந்து 1,000 டாலர் வரை, கடைக்குக் கடை மாறும்.

அடுத்து கோல்ட் கிங் கோப்ரா டார்கெட், .22 வடிவம் 2022-இல் வந்தது, இதுவும் பத்துத் தோட்டா, 1,000 டாலர் சுற்றுவட்டாரம். சிங்கிள் ஆக்‌ஷனில் ரூகர் சிங்கிள்-சிக்ஸ், 1953-இலிருந்து வருகிறது, புதியது 700 டாலரை ஒட்டி. இதற்கெல்லாம் மேலே வயோமிங் மாநிலத்தில் செய்யப்படும் ஃப்ரீடம் ஆர்ம்ஸ் மாடல் 83 இருக்கிறது. ஐந்து தோட்டா, 2,000 டாலருக்கு மேல் போகும். சிலிண்டரின் அறைகளைப் பேரலுக்கு நேர்கோட்டில் வைத்தே துளையிடுகிறார்கள், ரிவால்வர் என்ற இயந்திரத்தை எவ்வளவு துல்லியமாகச் செய்ய முடியும் என்பதற்கு அது எல்லைக்கல். பொழுதுபோக்குக்கு அது தேவையில்லை, ஆனால் யாராவது கொடுத்தால் ஒரு சிலிண்டர் சுட்டுப் பாருங்கள்.

கூடுதலாகக் கொடுக்கும் 700 டாலர் எங்கே போகிறது?

பாதிக்கு மேல் விசையிலும் சைட்டிலும் போகிறது, இது என் கணிப்பு. 617-இல் ஹாமரை ஏற்றிவிட்டு விசையைத் தொட்டால் மூன்று மூன்றரை பவுண்டில், கண்ணாடித் துண்டு முறிவதுபோல, துளிகூட இழுபடாமல் விடுபடும். எப்போது விடுபடும் என்று விரலுக்குத் தெரிந்துவிடும். ராங்லரில் நாலைந்து பவுண்ட் இருக்கும், விடுபடும் முன் கொஞ்சம் ஊர்ந்து போகும்.

சைட் விஷயம் இன்னும் முக்கியம். ராங்லரிலும் சாதாரண ரஃப் ரைடரிலும் பின் சைட் என்று தனியாக எதுவும் இல்லை, ஃப்ரேமின் மேல்பக்கத்தில் வெட்டிய பள்ளம்தான். திருக ஒன்றும் இல்லை. 617-இல் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் மேலே கீழே, இடது வலது என்று ஒவ்வொரு கிளிக்காக நகர்த்தலாம். தோட்டாவின் பிராண்ட் மாறினாலே .22 படும் இடம் மாறும் என்பதால் இது ஆடம்பரம் இல்லை.

மீதிக் காசு எஃகுக்கும் எடைக்கும் சிலிண்டர்-பேரல் நேர்ப்பொருத்தத்துக்கும் போகிறது. எடை என்றதும் பயப்படாதீர்கள், இலக்குச் சுடும்போது எடை நண்பன், கை ஆட்டத்தை அது அடக்கிவிடும்.

துல்லியத்தில் எவ்வளவு வித்தியாசம் தெரியும்?

தூரத்தைப் பொறுத்தது. 10 கஜத்தில், நின்றுகொண்டு, இரண்டு கையாலும் பிடித்துச் சுடும் சாதாரண ஆளுக்கு ராங்லரும் 617-உம் தகர டப்பாவை ஒரே அளவுக்குத்தான் விழவைக்கும். ஏனென்றால் அந்தத் தூரத்தில் தவறு முழுக்க நம் கையினுடையது. துப்பாக்கியின் தவறு அதற்குள் மறைந்துபோகும்.

25 கஜத்துக்குப் போனால் கதை மாறும். மணல் மூட்டைமேல் வைத்து நல்ல தோட்டாவோடு சுட்டால் 617 ஒன்றரை இரண்டு அங்குலத்துக்குள் குவிக்கும், மலிவு வகை அதைப்போல இரண்டு மடங்காவது பரப்பும், சில சமயம் ஒரு அறையிலிருந்து போகும் தோட்டா மட்டும் தனியாக விலகி நிற்கும். அப்படித் தோன்றினால் மார்க்கரால் அறைகளுக்கு எண் போட்டு, ஒவ்வொரு அறைக்கும் தனி இலக்கு வைத்துச் சுட்டுப் பாருங்கள், எந்த அறை சண்டித்தனம் செய்கிறது என்று தெரிந்துவிடும். நல்ல மூன்று அறைகளை மட்டும் வைத்து மலிவு ரிவால்வரில் அழகாகச் சுடுபவர்கள் இருக்கிறார்கள்.

என் புது ராங்லர் இரண்டு அங்குலம் இடதுபக்கமாகவே அடிக்கிறது. திருப்பிக் கொடுக்கலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில் அது துப்பாக்கியா நீங்களா என்று பாருங்கள். வலதுகைக்காரர் விசையை விரல்நுனியால் தள்ளினாலோ, கடைசி நொடியில் கையை இறுக்கினாலோ குண்டு இடது பக்கம், பெரும்பாலும் இடது கீழ்ப் பக்கம் போகும். நன்றாகச் சுடத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, மூட்டைமேல் வைத்துச் சுடச் சொல்லுங்கள். அவருக்கும் அதே இடம் என்றால் துப்பாக்கிதான்.

அப்புறம் வேறு இரண்டு மூன்று வகைத் தோட்டா போட்டுப் பாருங்கள். மேலே கீழே என்ற பிரச்சினை பாதி இதிலேயே தீரும். எப்போதும் கீழே அடித்தால் முன் சைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அரத்தால் ராவலாம், முன் சைட் தாழ்ந்தால் குண்டு மேலே ஏறும். ராவியதை ஒட்ட முடியாது என்பதால் நிதானமாக, இடையிடையே சுட்டுப் பார்த்தபடி செய்ய வேண்டும். இடது வலது பிரச்சினை பெரிதாக இருந்தால் நிறுவனத்துக்கே அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள், நீங்களே வளைக்கவோ திருப்பவோ போக வேண்டாம்.

விலை உயர்ந்ததில் குறையே இல்லையா?

இருக்கிறது, வாங்குமுன் தெரிந்துகொள்ளுங்கள். 617-இன் அறைகள் இறுக்கமானவை. துல்லியத்துக்கு அது நல்லது, ஆனால் ஐம்பது நூறு தோட்டா சுட்டதும் கரியும் ஈயமும் மெழுகும் சேர்ந்து உள்ளே ஒரு வளையம் கட்டிவிடும். அதன்பின் புதுத் தோட்டா முழுதாக உள்ளே போகாமல் முடியளவு வெளியே நிற்கும், கட்டைவிரலால் அழுத்த வேண்டியிருக்கும். காலி ஓடுகளை வெளியே தள்ள எஜெக்டர் கம்பியை உள்ளங்கையால் அடிக்க வேண்டிவரும், பத்து ஓடும் ஒரேயடியாக அடம்பிடிக்கும்.

மருந்து சுலபம்தான். பையில் .22 வெண்கலப் பிரஷ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், நூறு தோட்டாவுக்கு ஒருமுறை ஒவ்வொரு அறையிலும் இரண்டு தரம் விட்டு எடுத்தால் போதும். விளிம்பு வெளியே நிற்கிற தோட்டாவை அப்படியே விட்டுச் சுட்டால் ஹாமரின் அடியில் பாதி அதை உள்ளே தள்ளவே செலவாகிவிடும், வெடிக்காது. 'இந்தத் துப்பாக்கி அடிக்கடி ஏமாற்றுகிறது' என்ற புகாரில் கணிசமான பங்கு இந்த அழுக்குதான்.

மலிவு சிங்கிள் ஆக்‌ஷனில் காலி ஓடுகளை ஒவ்வொன்றாகக் கம்பியால் தள்ளி எடுப்பதால் இந்தத் தொல்லை அவ்வளவாகத் தெரிவதில்லை. நேரம்தான் அதிகம் ஆகும். எனக்கு அந்த நிதானம் பிடிக்கும், தோட்டாச் செலவையும் அது தானாகக் குறைத்துவிடும்.

நடுத்தர விலையில் ஒன்றும் இல்லையா?

சிங்கிள் ஆக்‌ஷனில் அருமையாக ஒன்று இருக்கிறது. ரூகர் சூப்பர் ராங்லர், 2023-இல் 329 டாலர் பட்டியல் விலையில் வந்தது. ஃப்ரேம் எஃகு, பின் சைட் திருகக்கூடியது, 5.5 அங்குலப் பேரல், .22 எல்ஆருக்கு ஒன்றும் .22 மேக்னத்துக்கு ஒன்றுமாக இரண்டு சிலிண்டர். மலிவு வகையில் குறை என்று மேலே நான் சொன்னவற்றில் சைட், எடை இரண்டும் இதில் தீர்ந்துவிட்டது. யாராவது என்னிடம் ஒரே ஒரு .22 ரிவால்வர் சொல்லுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன்.

டபுள் ஆக்‌ஷனில் நடு என்று எடுத்தால் டாரஸ் 942 மாதிரி எட்டுத் தோட்டாக் குட்டைப் பேரல் ரிவால்வர்கள் 350 டாலர் சுற்றுவட்டாரத்தில் வரும். இவை பையில் போட்டுக்கொண்டு நடக்கச் செய்தவை, குட்டைப் பேரல், கனமான விசை. இலக்குச் சுட வாங்கினால் ஒவ்வொரு முறையும் ஹாமரை ஏற்றித்தான் சுடுவீர்கள், அதற்கு ராங்லரே போதுமே. முதல் கேள்வியில் 'போகாதீர்கள்' என்றது இவற்றைத்தான்.

மேக்னம் சிலிண்டர் தேவையா?

இலக்குக்குத் தேவையில்லை. .22 மேக்னம் 1959-இல் வின்செஸ்டர் கொண்டுவந்தது, சத்தம் அதிகம், தோட்டா விலை எல்ஆரைப்போல மூன்று மடங்குக்கும் மேல். சேர்ந்து வந்தால் வைத்துக்கொள்ளுங்கள், அதற்காகத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். ஒரு எச்சரிக்கை: எல்ஆர் தோட்டா மேக்னம் சிலிண்டருக்குள் தொளதொளவென்று நுழைந்துவிடும், ஆனால் சுடக்கூடாது. மேக்னம் அறை அகலமானது, எல்ஆரின் மெல்லிய ஓடு பிளந்து சூடான வாயு பின்பக்கமாக, உங்கள் முகத்தை நோக்கி வரும். இரண்டு சிலிண்டரையும் தனித்தனி டப்பாவில், பெயர் எழுதி வையுங்கள்.

எந்தத் தோட்டா வாங்குவது?

ரிவால்வருக்கு ஒரு பெரிய வசதி, செமி ஆட்டோ (ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி) மாதிரித் தன்னை ஏற்றிக்கொள்ள இதற்குத் தோட்டாவின் பலம் தேவையில்லை. மெதுவான தோட்டாவும் ஓடும். சிசிஐ நிறுவனத்தின் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, குண்டின் எடை 40 கிரெய்ன், வேகம் ஒலியின் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே. மலிவு, விலை உயர்ந்தது இரண்டிலும் முதலில் சுட்டுப் பார்க்க வேண்டியது இது. வெடிக்காமல் ஏமாற்றுவது குறைவு என்பதற்காக சிசிஐ மினி-மேக்கைப் பலர் விரும்புவார்கள், அதுவும் சரி. மொத்தமாக டப்பாவில் கொட்டி விற்கும் மலிவுத் தோட்டாவில் பிரைமர் கலவை விளிம்பு முழுக்கச் சீராகப் பரவியிருக்காது, அதனால் அவ்வப்போது ஒன்று ஏமாற்றும். டப்பா சுடுவதற்குப் பரவாயில்லை. 617 வாங்கிவிட்டு அதில் இதை மட்டுமே போட்டு 'துல்லியம் இல்லை' என்பது நியாயமே இல்லை.

பணக் கணக்கு எப்படி வரும்?

மாதம் 200 தோட்டா, ஒன்றுக்கு 8 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 16 டாலர். 200 டாலர் ராங்லருக்கும் 900 டாலர் 617-க்கும் இடையே உள்ள 700 டாலரில் 8,750 தோட்டா வாங்கலாம், அது மூன்றரை வருடத்துக்கு மேல் வரும். அவ்வளவு சுட்ட பிறகு ராங்லரோடு நிற்பவர், சுடாமல் 617-ஐப் பெட்டியில் வைத்திருப்பவரைவிட எங்கோ போயிருப்பார்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். 617-ஐ ஐந்து வருடம் கழித்து விற்றாலும் போட்ட காசில் பெரும்பகுதி திரும்பும். ரஃப் ரைடரை விற்கப் போனால் கடைக்காரர் சொல்லும் விலைக்கு அதை நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கும். வாரா வாரம் ரேஞ்சுக்குப் போகிறவர், இன்னும் பத்து வருடம் சுடுவேன் என்று தெரிந்தவர், டபுள் ஆக்‌ஷன் பழக ஆசைப்படுபவர் என்றால் நேராக நல்லதையே வாங்கிவிடுங்கள், மலிவாக ஒன்று வாங்கி, அது பிடிக்காமல் இன்னொன்று என்று இரண்டு செலவு வேண்டாம்.

பழையது வாங்கலாமா?

தாராளமாக. பழைய மாடல் 17 நல்ல நிலையில் கிடைத்தால் புது 617-ஐவிட அதையே நான் எடுப்பேன், அந்த நீலப் பூச்சும் விசையும் தனி ரகம். ஆனால் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். காலி என்று உறுதி செய்த பிறகு, கடைக்காரரின் அனுமதியோடு, சிலிண்டரை விரலால் லேசாக உரசிப் பிடித்துக்கொண்டு ஹாமரை மெதுவாக ஏற்றுங்கள், ஹாமர் கடைசிக்கு வருமுன் சிலிண்டர் டக்கென்று பூட்ட வேண்டும். ஆறு அறைக்கும் இதைச் செய்யுங்கள். பூட்டாமல் தொங்கினால் வேண்டாம். அடுத்து சிலிண்டரின் பின்பக்கம், ஒவ்வொரு அறையின் ஓரத்திலும் ஃபயரிங் பின் விழும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே நகக்குறி மாதிரி ஒரு பள்ளம் இருந்தால் யாரோ தோட்டா இல்லாமலே சுட்டுச் சுட்டு விளையாடியிருக்கிறார்கள். அந்தப் பிசிறு தோட்டாவை உள்ளே போக விடாது.

பழைய சிங்கிள்-சிக்ஸ் என்றால், 1973-க்கு முந்தியதில் ட்ரான்ஸ்ஃபர் பார் கிடையாது. ரூகர் நிறுவனமே அதை இலவசமாகப் பொருத்தித் தருகிறது, கழற்றிய பழைய பாகங்களையும் திருப்பி அனுப்பும். மாற்றாத ஒன்று என்றால் ஐந்து தோட்டாதான், காலி அறைமேல்தான் ஹாமர்.

வீட்டில் தோட்டா இல்லாமல் விசை பழகலாமா?

இதற்கு நிறுவனத்தின் கையேடுதான் பதில். ரூகர் ராங்லரில் செய்யலாம். ஸ்மித் அண்ட் வெஸன் 17, 617 உள்ளிட்ட தன் .22 ரிவால்வர்களில் செய்யக்கூடாது என்கிறது. அறையில் பிளாஸ்டிக் பயிற்சித் தோட்டா போட்டால் பின் ஓரத்தில் மோதாது. சுவரில் ஆணி அடிக்கப் போடும் சின்ன மஞ்சள் பிளாஸ்டிக் ஆங்கர் சரியாகப் பொருந்துகிறது என்று பலர் அதைப் பயன்படுத்துகிறார்கள், சில சென்ட்தான் விலை. நீங்கள் பழகும் இடத்தில் உண்மைத் தோட்டாவே இருக்கக்கூடாது, வீட்டின் வேறு பகுதியில் இருக்கட்டும்.

இதற்குச் செமி ஆட்டோ வாங்கிவிடலாமே?

துல்லியம் மட்டும்தான் கணக்கு என்றால் ஆமாம். ரூகர் மார்க் IV வகையில் 400 டாலருக்குள் கிடைப்பதை அந்த விலையில் எந்த ரிவால்வரும் துல்லியத்தில் தொடாது. ரிவால்வரை எடுப்பவர் வேறு காரணத்துக்காக எடுக்கிறார்: ஒரு தோட்டா ஏமாற்றினால் சிக்கலே இல்லை, ஓடு யார்மேலும் தெறிக்காது, புதியவருக்கு ஒரே ஒரு தோட்டா போட்டுச் சொல்லிக்கொடுக்கலாம், துப்பாக்கியின் நிலை கண்ணுக்கு நேராகத் தெரியும்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன், வாங்கலாமா?

இதைக் கவனமாகப் படியுங்கள், நம் ஆட்களில் பலருக்கு இது தெரிவதில்லை. கிரீன் கார்டு இருப்பவர் குடிமக்களைப்போலவே வாங்கலாம். எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற குடியேற்றம் சாராத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. விதிவிலக்குகள் உண்டு, நடைமுறையில் அதிகம் பயன்படுவது ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். வாங்குவதற்கு மட்டும் என்றில்லை, ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் 'வைத்திருப்பது'தான். நண்பர் கூட்டிப்போகிறார் என்று அந்த உரிமம் இல்லாமல் போய்விடாதீர்கள். இதில் தவறினால் குற்றவழக்கு, விசா இரண்டும் சேர்ந்து வரும், சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் முதலில் கேளுங்கள்.

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறுமா?

மாறும். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்கக் கூட்டாட்சிச் சட்டப்படி 21 வயது, பின்னணிச் சோதனை உண்டு. வேறு மாநிலத்துக் கடையில் பிடித்திருந்தால் உங்கள் மாநிலக் கடைக்கு வரவழைத்துத்தான் வாங்க முடியும், அதற்கு ஒரு கட்டணம். இல்லினாயில் குறைந்த வெப்பத்தில் உருகும் துத்தநாகக் கலவை ஃப்ரேம் கொண்ட கைத்துப்பாக்கிகளைக் கடைகள் விற்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, மலிவு ரிவால்வர் தேடுபவரை இது நேராகப் பாதிக்கும். கலிஃபோர்னியாவில் அனுமதிக்கப்பட்ட மாடல்களின் பட்டியலே தனி.

ரிவால்வருக்கென்று தனியாக என்ன பாதுகாப்பு?

கண்ணாடி, காதுமூடி, விரல் விசைக்கு வெளியே, குழல் வாய் எப்போதும் இலக்கை நோக்கி, இதெல்லாம் எந்தத் துப்பாக்கிக்கும் பொது. ரிவால்வரில் சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு, ஒவ்வொரு சுடலுக்கும் அதிலிருந்து சூடான வாயுவும் ஈயத்துகளும் பக்கவாட்டில் சீறும். இடது கை விரலை முன்னால் நீட்டிப் பிடிக்காதீர்கள். பக்கத்தில் நிற்பவரையும் ஒரு அடி பின்னால் நிற்கச் சொல்லுங்கள், அவருக்கும் கண்ணாடி வேண்டும். மலிவு வகையில் இந்தச் சீறல் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

விசை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் அரை நிமிடம் இலக்கை நோக்கியே பிடித்திருங்கள், தாமதமாக வெடிப்பதும் உண்டு. 'பொட்' என்று சத்தம் குறைவாகக் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். குண்டு பேரலுக்குள் நின்றிருக்கலாம், அதன்மேல் அடுத்ததைச் சுட்டால் பேரல் வீங்கும். தோட்டா முழுக்க எடுத்துவிட்டு, பேரலுக்குள் கம்பி விட்டுப் பார்த்த பிறகே அடுத்தது. கண்ணாடி பாட்டில், கல், தண்ணீர் இவற்றின்மேல் .22-ஐச் சுடக்கூடாது, அந்தச் சின்னக் குண்டு எகிறித் திரும்பும்.

சுட்டு முடிந்ததும் என்ன செய்ய வேண்டும்?

.22 குண்டு பெரும்பாலும் வெறும் ஈயம், பிரைமரிலும் ஈயம் இருக்கிறது. ரேஞ்சை விட்டுக் கிளம்புமுன் சோப்பும் குளிர்ந்த தண்ணீரும் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவுங்கள், அதற்குமுன் எதையும் சாப்பிடாதீர்கள். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் சட்டையை மாற்றிவிட்டுத்தான் அவர்களைத் தூக்க வேண்டும்.

துப்பாக்கிக்கு அதிக வேலை இல்லை. அறைகளில் பிரஷ், பேரலில் துணி ஒருமுறை, சிலிண்டர் சுற்றும் அச்சுக் கம்பியைத் துடைத்து ஒரே ஒரு சொட்டு எண்ணெய். சிங்கிள் ஆக்‌ஷனில் அந்தக் கம்பியை உருவினால் சிலிண்டர் கையோடு வந்துவிடும், பத்து நிமிடத்தில் வேலை முடியும். அலுமினியம், துத்தநாகக் கலவை ஃப்ரேம்களில் அம்மோனியா கலந்த கரைசல்களைப் பயன்படுத்தாதீர்கள், பூச்சு கெடும். ரஃப் ரைடர் வைத்திருப்பவர்கள் துடைக்கும்போதே எல்லாத் திருகையும் ஒருமுறை சோதித்து, தளர்ந்ததை மட்டும் அளவாக முடுக்குங்கள், ஓவராக முடுக்கினால் மென்மையான கலவையில் மரை போய்விடும். பிறகு பூட்டுப் போட்ட பெட்டிக்குள் துப்பாக்கி, வேறு பூட்டுக்குள் தோட்டா.